கல்லாவில் ஒரு சாண் இடம்

உங்களிடம் பேசச் சொல்லி ஆபீசிலிருந்து கூப்பிட்டபோது, “வெற்றிக் கதையா ஒண்ணு சொல்லுங்க சார், புதுசா சேந்த பிள்ளைங்களுக்கு உற்சாகமா இருக்கும்” என்றார்கள். சரி என்று போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னேன். “அப்ப அவங்க வேற ஆளத்தான் பாக்கணும்” என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். யோசித்துப் பார்த்ததில் அவள் சொன்னது நியாயமாகவே பட்டது. ஆகவே கொடைக்கானலில் ஒரு சாக்லேட் கடையில் நான் முட்டி போட்டு நின்ற கதையைச் சொல்கிறேன். உற்சாகம் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல்லில் நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அதே டிசைன் பிரிவில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். பெட்டி, உறை, கடைகளில் பொருளை நிறுத்தி வைக்கிற அட்டை ஸ்டாண்டு, இவைதான் சோலி. எதையும் சின்ன இடத்துக்குள் அடக்கிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைப் பரப்பியவனும் நான்தான். பழனியில் ஒரு பஞ்சாமிர்தக் கடைக்கு ஒருமுறை பெட்டி செய்து கொடுத்தேன். எவ்வளவு கச்சிதம் என்றால், டப்பா உள்ளே போனது, வெளியே வரவில்லை. மலை இறங்கி வந்தவர்கள் பெட்டியைக் கிழித்துத்தான் பஞ்சாமிர்தம் தின்றார்கள். “அவ்வளவு பாதுகாப்பு” என்று அந்தக் கடைக்காரருக்கு விளக்கம் சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் அவர் எங்கள் பக்கம் வரவே இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு எஸ்தரம்மா வந்தார். மலையில் அடுக்கம் என்கிற ஊர்க்காரர். கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் சாப்பாட்டுப் பொறுப்பில் இருந்தவர், அதை விட்டுவிட்டு நாயுடுபுரம் போகிற சாலையில் சின்னதாக ஒரு சாக்லேட் கடை போட்டிருந்தார். கேக், ஃபட்ஜ், பிஸ்கட், குளிருக்குச் சூடாக ஏதாவது. கடை அகலம், இரண்டு பேர் கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும்.

அவருக்கு வேண்டியது கிஃப்ட் கார்டு. காரணத்தை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

“பிள்ளைங்கள போர்டிங்ல விட வர்ற அப்பா அம்மா எல்லாம் ஊருக்குக் கெளம்புறப்ப எங்கடையிலதான் சார் வந்து நிப்பாங்க. பிள்ளைக்கு எதையாச்சும் வாங்கிக் குடுத்துட்டுப் போகணும்னு ஒரு தவிப்பு. ஹாஸ்டல்ல பிள்ளைங்க கையில காசு வச்சுக்க விடமாட்டாங்க. கார்டா குடுத்துட்டா, அவுட்டிங் விடுற அன்னைக்கு அதுங்களே வந்து வேணுங்கறத வாங்கிக்கிரும்.”

கார்டுகளில் படங்கள் விதவிதமாக வேண்டும் என்றார். ஏரி, பேரிக்காய், மலை அணில், தெருவில் மாடு மாதிரி நடமாடுகிற காட்டெருமை என்று ஒரு கட்டு. எல்லாம் வாங்குகிறவர் கண்ணில் பட வேண்டும். ஆனால் கல்லாவில் எடை மிஷினுக்கும் பில் மிஷினுக்கும் நடுவில் ஒரு சாண் இடம்தான் இருக்கிறது.

ஒரு சாண் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உள்ளே விளக்கு எரிந்துவிட்டது.

அப்போது எங்கள் மேலாளர் ஒரு பெண். என் மகளைவிட வயதில் சின்னவர். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “சார், ஒரு தடவ மேல போய்க் கடையப் பாத்துட்டு வந்துரலாமே?”

“எதுக்கு மேடம்? போட்டோ அனுப்பியிருக்காங்க. அளவும் அனுப்பியிருக்காங்க. போதும்” என்றேன்.

உண்மைக் காரணம் என்னவென்றால் எனக்கு மலைப்பாதை ஆகாது. வத்தலக்குண்டு தாண்டி வண்டி வளைய ஆரம்பித்ததுமே வாந்தி எடுக்க ஜன்னலைத் தேட ஆரம்பித்துவிடுவேன். அனுபவசாலிக்கு நேரில் பார்க்கத் தேவையில்லை என்று நான் முகத்தை வைத்துக்கொண்டதற்குப் பின்னால் இருந்தது இவ்வளவுதான். இத்தனைக்கும் என் வீடு அய்யம்பாளையம். காலையில் பல் தேய்க்க மொட்டை மாடிக்குப் போனால் எதிரே அந்த மலைதான். அதன் தலையில் மேகம் உட்கார்ந்திருப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறவன் நான். அந்த மேகத்துக்குள்தான் எஸ்தரம்மாவின் கடை இருக்கிறது என்பது மட்டும் மூளையில் ஏறவில்லை.

ஏசி அறையில் உட்கார்ந்து ஒரு ஸ்டாண்டு செய்தேன். ஒவ்வொரு கார்டும் ஒரு மடித்த அட்டை உறைக்குள் இருக்கும். உறைகள் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். படத்தின் தலை மட்டும் வெளியே தெரியும். ஒன்றை உருவினால் பின்னால் இருப்பது தானாக முன்னால் வந்து நிற்கும். மொத்தமும் ஒரு சாணுக்குள். ‘படிக்கட்டு’ என்று பெயர் வைத்தேன். ஆபீசில் உருவிக் காட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள். அது போதாமல் வாட்ச்மேனைக் கூப்பிட்டு உருவச் சொன்னேன். டீ கொண்டு வந்தவரையும் விடவில்லை. இரண்டு பேரும் நன்றாக உருவினார்கள். திண்டுக்கல்லில் யார் உருவினாலும் அது வந்தது.

படிக்கட்டு மலையேறியது. எஸ்தரம்மா கல்லாவில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். வெயில் காய்ந்துகொண்டிருந்த நாட்கள் அவை. நானும் அந்தப் படத்தைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

பிறகு மழை தொடங்கியது. பள்ளி திறக்கிற நாளுக்கு முந்தைய நாள் மதியம் எஸ்தரம்மா கூப்பிட்டார்.

“சார், உங்க படிக்கட்டு குனிஞ்சு நிக்குது.”

“குனிஞ்சுன்னா?”

“கும்புடுற மாதிரி நிக்குது சார். ஒண்ண உருவுனா ஒண்ணும் வர மாட்டேங்குது. நாளைக்குத்தான் பேரன்ட்ஸ் எல்லாம் வர்றாங்க. இந்த ஒரு நாள விட்டா அடுத்த டெர்ம்தான். நீங்க ஏறி வாங்க.”

லேசாகத் தட்டிப் பாருங்கள், சரியாகிவிடும் என்று டி.வி. ரிமோட்டுக்குச் சொல்வதைப் போலச் சொன்னேன். எஸ்தரம்மா போனை நேராக மேலாளருக்குப் போட்டுவிட்டார். சற்று நேரத்தில் மேலாளர் என் மேஜைக்கு வந்து நின்றார். எதுவும் திட்டவில்லை. “நாளைக்கு வெள்ளனே கெளம்பிருங்க சார், வண்டி சொல்லிட்டேன்” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் கோபித்துக்கொண்டு போகாமலாவது இருந்திருக்கலாம்.

மலைப்பாதையில் நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. டிரைவர் மூன்று இடத்தில் வண்டியை ஓரங்கட்டினார். பெருமாள்மலை வந்தபோது அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, “அய்யா, உசிரு இருக்கா?” என்று கேட்க ஆரம்பித்திருந்தார்.

கடைக்குள் நுழைந்ததும் என் படிக்கட்டைப் பார்த்தேன். உறைகள் எல்லாம் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி அவரவர் இஷ்டத்துக்குச் சுருண்டிருந்தன. வாசல் வழியாக மூடுபனி வாடிக்கையாளர் போலச் சாவகாசமாக உள்ளே வந்து, கல்லாவைச் சுற்றிக்கொண்டு போனது. அட்டை அதைக் குடித்து ஊதிப்போயிருந்தது. கச்சிதமாகச் செய்திருந்தேன் அல்லவா? ஊதுவதற்கு நான் இடமே விடவில்லை. ஆகவே ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றன.

பக்கத்து அழகு நிலையத்தில் ஹேர் டிரையர் கடன் வாங்கி வந்து ஊதினேன். இந்தப் பக்கம் சுருண்டிருந்த அட்டைகள் நிமிர்ந்து, சற்று யோசித்து, அந்தப் பக்கம் சுருண்டன. ரப்பர் பேண்டு போட்டேன். இன்னும் இறுகியது. எஸ்தரம்மா தட்டில் ஃபட்ஜை வெட்டி அடுக்கிக்கொண்டே என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். கடைக்கு வெளியே கார்கள் வந்து நிற்கத் தொடங்கின.

இந்த இடத்தில்தான், பிள்ளைகளே, நம் தொழிலில் எல்லோருக்கும் வருகிற ஆசை எனக்கும் வந்தது. பழியை யார் தலையிலாவது இறக்கி வைக்கிற ஆசை. மேலாளருக்குப் போன் போட்டேன்.

“மேடம், கதவத் தெறந்தே வச்சிருக்காங்க. ஈரமில்லாத எடத்துல வைக்கணும்னு நாம பெட்டி மேலயே அச்சடிச்சுத்தான் அனுப்பியிருக்கோம். தப்பு நம்ம பக்கம் இல்ல.”

“சார், நீங்க சொன்னா நானும் அப்படியே எழுத்துல குடுத்துருவேன். அதுல நமக்கு ஒண்ணும் சேதாரமில்ல. ஆனா நீங்க அங்க நிக்கிறீங்க, நான் இங்க இருக்கேன். கதவ மூடி வைக்கச் சொல்ல முடியுமான்னு பாத்துட்டு நீங்களே சொல்லுங்க.”

நான் எஸ்தரம்மாவிடம் திரும்பி, முடிந்த அளவு அதிகாரமாகச் சொன்னேன். “கதவ மூடி வச்சிருந்தா இது நடந்திருக்காதும்மா.”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். “கொடைக்கானல்ல கதவ மூடி வச்சா கடை லீவுன்னுல்ல சார் நெனைப்பாங்க? சரி, மூடுறேன். ஆளுக உள்ள வரும்போது மட்டும் தெறக்கலாமா?”

கேலியாகத்தான் சொன்னார் என்று எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. நான் அதைப் பரிசீலிக்கத் தொடங்கியிருந்தேன்.

அப்போது ஒரு அப்பாவும் மகளும் உள்ளே வந்தார்கள். விருதுநகர்ப் பக்கத்து ஆள் என்று பேச்சில் தெரிந்தது. மகள் ஆறாம் வகுப்பு இருக்கும். புது ஸ்வெட்டர், தோளை மீறிய அளவு. முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுல எதும்மா வேணும்? ஏரி போட்டது நல்லாருக்குல்ல?” என்று கேட்டார் அப்பா. பதில் இல்லை. “அணில் இருக்கு பாரு.” அதற்கும் இல்லை. அவரே ஒன்றைப் பிடித்து உருவினார். வரவில்லை. நான் பாய்ந்து போய், “இப்படிப் பிடிக்கணும் சார், மேல தூக்குனாப்புல” என்று செய்து காட்டினேன். எனக்கும் வரவில்லை. பின்னால் வரிசை கூடிக்கொண்டிருந்தது. அவர் பதற்றத்தில் பலமாக இழுத்தார். நான் மறுபக்கம் பிடித்து இழுத்தேன்.

படிக்கட்டு இடிந்தது. ஒரு கார்டு இல்லை, எல்லா உறைகளும் ஒரே மூச்சில் விசிறியடித்துக் கொண்டு பறந்தன. பாதி தரையில். பாதி எஸ்தரம்மா அப்போதுதான் வெட்டி அடுக்கிய ஃபட்ஜ் தட்டில் நட்டுக்கொண்டன, பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி மாதிரி. நான் முட்டி போட்டு, வரிசையில் நின்றவர்களின் கால்களுக்கு நடுவே தவழ்ந்து பொறுக்கினேன். ஒரு உறை, குளிருக்கு டிரைவரிடம் இரவல் வாங்கிப் போட்டிருந்த என் ஸ்வெட்டரின் முதுகில் ஃபட்ஜோடு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது.

சிரிப்புச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பெண்தான். வாயைப் பொத்திக்கொண்டு, அடக்க முடியாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். “அப்பா, அந்தத் தாத்தா முதுகுல காட்டெருமை!”

அவள் அப்பா என்னைத் தூக்கிவிட்டார். கண் கலங்கியிருந்தது. “கோவிச்சுக்கிறாதீங்க சார். நேத்து ராத்திரியில இருந்து இவ ஒரு வார்த்த பேசல. இப்பத்தான் வாயத் தெறக்கா.”

கோவித்துக்கொள்ள எனக்கு ஏது முகம்? முதுகிலிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அவள் உறையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த கார்டை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “இதுதான் வேணும்.” பில் போட்டார்கள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனார்கள்.

நான் தரையில் கிடந்த உறையைப் பார்த்தேன். எவ்வளவு நாள் உழைப்பு. அந்தப் பிள்ளைக்கு அது மிட்டாய்த் தாள்.

உள்ளே இருந்த கார்டு பிளாஸ்டிக். மழையோ பனியோ அதற்கு ஒன்றுமில்லை. பில் போட்டு அதில் காசு ஏற்றினால்தான் அதற்கு உயிர். அதுவரை யார் எடுத்துக்கொண்டு ஓடினாலும் வெறும் படம். இது எல்லாம் எனக்கு முன்பே தெரிந்த விஷயங்கள். கல்லாவில்தான் வைக்க வேண்டும் என்று யார் சொன்னது என்பதை மட்டும் நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. வாசலுக்கு வெளியே பார்த்தேன். குடை பிடித்துக்கொண்டு ஒரு கூட்டமே சும்மா நின்றுகொண்டிருந்தது. பார்க்க ஒன்றுமில்லாமல், ஒருவரோடு ஒருவர் பேச முடியாமல், பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு. கல்லாவுக்கு வந்து சேரும்போது பின்னால் இருப்பவர் அவசரப்படுத்துவார். நான் இடத்தை மிச்சம் பிடித்தது எல்லாம் அந்த நெரிசலுக்குள்.

“எல்லா உறையவும் பிச்சுருவோம்மா” என்றேன்.

எஸ்தரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நெசமாத்தான் சொல்றீங்களா? பொறவு நீங்க பண்ணுனதுன்னு ஒண்ணுமே இருக்காது.”

“வெரசா பிய்ங்க. நான் மனசு மாறிருவேன்.”

இருவரும் பிய்த்துப் போட்டோம். முதல் உறையைப் பிய்க்கும்போது எனக்குக் கை கூசியது. போகப் போகப் பட்டாணி உரிக்கிற மாதிரி ஆகிவிட்டது. கார்டுகளைச் சீட்டுக் கட்டு மாதிரி விசிறியாகப் பிடித்துக்கொண்டு, எஸ்தரம்மாவின் குடையோடு நான் வரிசைக்குப் போனேன். ஒரு கையில் குடை, ஒரு கையில் கார்டு. இரவல் ஸ்வெட்டர் வேறு. “பாப்பா, தம்பி, இதுல எது வேணும்? நல்லா பாத்து எடுங்க. அவசரமில்ல.”

என் வாழ்நாளில் நான் செய்ததிலேயே மிகவும் இடம் மிச்சம் பிடித்த ஸ்டாண்டு அதுதான். கல்லாவில் ஒரு விரல்கடை இடம்கூட எடுக்கவில்லை. தானாக நடந்தது. கால் மட்டும் வலித்தது.

ஒன்று சொல்ல வேண்டும். பொருளை வாங்குகிறவர்கள் பேசுவதை நான் அவ்வளவு நாளும் பக்கத்தில் நின்று கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டேன். ஒரு பையன் தன் தங்கைக்குப் பேரிக்காய், தனக்கு அணில் என்று பிரித்தான். பிறகு மாற்றினான். பிறகு அழுதான். ஒரு பாட்டா, “இதுல எங்கய்யா பேர் எழுதறது?” என்று கேட்டார். இன்னொரு அம்மாவும் அதையே கேட்டார். பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும் அவர்களுக்கு. என் உறையில் அதற்கு இடம் இருந்ததா என்றால், இருந்தது. அது மடிப்புக்கு உள்ளே இருந்தது. அழகு கெடக்கூடாது என்று ஒளித்து வைத்திருந்தேன். எஸ்தரம்மா பில் போடுகிற இடத்தில் ஒரு மார்க்கர் பேனாவை வைத்தார். பிள்ளைகள் கார்டின் பின்னால் தங்கள் பெயரைத் தாங்களே கிறுக்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் வரிசை கரைந்தபோது என் கையில் ஏரி மட்டும் சில மிஞ்சியிருந்தன. எஸ்தரம்மா சூடாகக் கோக்கோ கொடுத்தார். “நாளைக்கும் வர்றீங்களா சார்? ஸ்டாண்ட விட நீங்க நல்லா நிக்கிறீங்க” என்றார். மேலாளருக்குப் போன் போட்டு, கதவை மூடச் சொல்ல முடியாது, அட்டைதான் தப்பு, செய்தது நான்தான், மாற்றிச் செய்து கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். “சரி சார்” என்றார். பிறகு, “நீங்க நல்லாருக்கீங்களா?” என்று கேட்டார். இறங்கும்போது மறுபடியும் அதே மலைப்பாதை என்பதை அப்போதுதான் நினைத்தேன்.

அந்த மாற்று டிசைனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்தது தெரியாமல் பார்த்திருப்பீர்கள். வாசல் நிலையில் மாட்டுகிற ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதில் வரிசையாகப் பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கார்டு. கீழே பெயர் எழுத ஒரு வெள்ளைத் துண்டு. நனையும், காயும், மறுபடி நனையும். பார்க்க ஒன்றும் இல்லை. ஆபீசில் காட்டியபோது யாரும் கைதட்டவில்லை. வாட்ச்மேன்கூட, “முந்தி பண்ணுனது நல்லாருந்துச்சு சார்” என்றார். ஆனால் எஸ்தரம்மா கடையைப் பார்த்துவிட்டு மலையில் மற்ற கடைக்காரர்களும் கேட்டார்கள்.

நான் இதிலிருந்து என்ன கற்றேன் என்று கேட்பீர்கள். கடைக்குப் போங்கள். போனால் கல்லாவுக்குப் பின்னால் நிற்காதீர்கள், வரிசையில் நில்லுங்கள். அவசரத்தில் முதலில் வருகிற யோசனை உங்கள் டிசைனைக் காப்பாற்றுகிற யோசனையாகத்தான் இருக்கும், அதைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். இவ்வளவுதான். இதையும் முழுசாகக் கற்றேன் என்று சொல்ல மாட்டேன்.

போன சீசனில் நானும் மனைவியும் கொடைக்கானல் போயிருந்தோம். எஸ்தரம்மா கடை இல்லை, வேறொரு கடை. வாசலில் நம் பட்டை தொங்கியது. பெருமையாக ஒரு கார்டை எடுக்கப் போனேன். பை வழுக்கியது. நகத்தை விட்டு நோண்டினேன். வரவில்லை. பக்கவாட்டில் தள்ளினேன். வரவில்லை. உள்ளேயிருந்து வேலைக்கு நிற்கிற பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

“அங்கிள், அப்படி இல்ல. கீழ இருந்து ஒரு வெரலால தள்ளுங்க, அதுவா மேல வந்துரும்.”

தள்ளினேன். வந்தது. கீழிருந்து தள்ளலாம் என்று நான் அதைச் செய்யும்போது நினைக்கவே இல்லை. மனைவி என் முகத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது.

“தேங்க்ஸ்மா” என்றேன்.

“பரவால்ல அங்கிள்” என்றாள் அந்தப் பெண். “பெரியவங்களுக்கு மொதத் தடவ கஷ்டமாத்தான் இருக்கும். பழகிரும்.”